நான்காம் படிவம்

ஆழிமுத்து குழுமத்தில் அறுபத்திரண்டாயிரம் பேர் வேலை பார்த்தார்கள். அந்த வருடம் ஆடி மாதத்திலிருந்து அவர்களில் ஒருவருக்கும் கடவுச்சொல் கிடையாது.

சொல்லுக்குப் பதில் ஒரு நினைவு. நெற்றியில் விரலகலப் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் நிற்க வேண்டும். எட்டுப் படங்களோ ஒலிகளோ ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். ஏழு யாருடையதோ, ஒன்று உங்களுடையது. அது வரும் கணத்தில், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், மூளை ஒருமுறை அதிரும். அந்த அதிர்வுதான் சாவி. கணினி திறக்கும், கிடங்கின் கதவு திறக்கும், துறைமுகத்தில் கிரேன் கிளம்பும். எட்டிப் பார்த்துத் திருட முடியாது. அடித்துக் கேட்டாலும் சொல்ல முடியாது. இந்த ஏற்பாட்டுக்குப் பெட்டகம் என்று பெயர். தூத்துக்குடித் தலைமை அலுவலகத்தில் தகவல் பாதுகாப்புப் பிரிவை நடத்திவந்த ஜெசிந்தா நான்கு வருடம் பாடுபட்டு அதைக் கொண்டுவந்தாள்.

கம்பெனிக்காக அவள் பாடுபடவில்லை.

முன்பு இருந்தது வேறொரு பெட்டகம். எல்லோருடைய கடவுச்சொற்களையும் ஒரே இடத்தில் பூட்டி வைத்திருந்தார்கள். யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை என்று பெருமையாகச் சொன்னார்கள். அதில் அவசரக் கதவு என்று ஒன்று உண்டு. ஆள் இல்லாத நேரத்தில் வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காக, காரணம் ஒன்றை எழுதிவிட்டு யாருடைய சொல்லையும் வெளியே எடுக்கலாம். அந்த அதிகாரம் மூன்று பேருக்கு மட்டும் இருந்தது.

ஜெசிந்தாவின் அண்ணன் கஸ்பார் அதே குழுமத்தின் அம்மோனியா ஆலையில் ஷிப்ட் இன்ஜினியர். ஆறு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு மூன்றாவது லைனின் அபாய மணியை யாரோ கணினி வழியாக அணைத்தார்கள். மணி தொடர்ந்து அடித்திருந்தால் லைன் தானாகவே நின்றிருக்கும். நிற்கவில்லை. குழாய் மூட்டு விட்டு அம்மோனியா கசிந்து, கீழே சுத்தம் செய்துகொண்டிருந்த மூன்று ஒப்பந்தத் தொழிலாளிகள் மூச்சடைத்துச் செத்தார்கள். மணியை அணைத்தது கஸ்பாரின் கடவுச்சொல்.

"நான் கையே வைக்கல ஜெசி," என்றான் அவன், சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று. "லைன நிறுத்தணும்னு போன்ல கத்திக்கிட்டு கெடந்தேன். திரும்பிப் பாக்கேன், மணி நின்னு போச்சு. திரையில என் பேரு இருக்கு. யாரு நம்புவா?"

யாரும் நம்பவில்லை. சொல் அவனுடையது என்றால் கையும் அவனுடையதுதானே. அவசரக் கதவின் பதிவைக் கேட்டபோது, சர்வர் மாற்றியதில் அழிந்துவிட்டது என்று பதில் வந்தது. வழக்கு விசாரணைக்கே வராமல் பதினோரு மாதம் உள்ளே இருந்தான். ஒரு நாள் காலையில் மாரடைப்பு. முப்பத்தொன்பது வயது. மாதா கோயிலில் அடக்கப் பூசைக்கு வந்தவர்கள் மொத்தம் ஏழு பேர். ஆலையில் செத்துப்போனவர்களில் ஒருவனின் அம்மாவைப் பார்க்க ஜெசிந்தா போனபோது, அந்த அம்மாள் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அந்தத் தாழ்ப்பாளின் சத்தத்தை ஜெசிந்தா மறக்கவே இல்லை.

பூசைக்கு வந்த அந்த ஏழு பேரில் ஒருவர் டைரக்டர் நறும்பூநாதன். கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். வெளியே வந்து, "உங்கண்ணன் மேல உள்ள பழி உங்க மேல விழாது. அத நான் பாத்துக்கிடுதேன்," என்றார். சொன்னபடியே பார்த்துக்கொண்டார். மற்றவர்கள் அவளை ஒதுக்கிய காலத்தில் அவர்தான் பதவி உயர்வு வாங்கித் தந்தார்.

விபத்து நடந்து ஒன்றரை வருடம் கழித்து, தூக்கிப்போட வைத்திருந்த பழைய சர்வரின் சேமிப்புத் தட்டு ஒன்றை அவள் மூன்று மாதம் நோண்டினாள். ஒரே ஒரு வரி தேறியது. அதே வியாழக்கிழமை, பத்து முப்பத்தெட்டு. அவசரக் கதவு. எடுக்கப்பட்டது கஸ்பாரின் சொல். காரணம் என்ற இடத்தில் இரண்டு வார்த்தைகள்: கப்பல் காத்திருக்கிறது. எடுத்தது யார் என்ற கட்டம் மட்டும் சிதைந்திருந்தது.

மூன்று பேரில் ஒருவன். கேட்டால் சொல்ல மாட்டான். ஆனால் அந்த அவசரக் கதவுத் திரையை அந்த வார்த்தைகளோடு பார்த்தவன் உலகத்திலேயே அவன் ஒருவன்தான். அவன் வாயிடம் கேட்க வேண்டாம், மூளையிடம் கேட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றிய நாளில்தான் புதிய பெட்டகம் பிறந்தது. மதுரையில் ஒரு மருத்துவமனையில் மூளை அலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த பர்வீன் என்ற பெண்ணைத் தேடிப்பிடித்து வேலைக்குச் சேர்த்தாள். பர்வீனிடம் அவள் அண்ணனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

பதிவு வேலை தொடங்கியபோது தொழிலாளர்கள் பயந்தார்கள். முதலில் ஆட்களைச் சம்மதிக்க வைக்க ஜெசிந்தாவே துறைமுகத்துக்குப் போனாள். கிரேன் ஓட்டும் சுடலைமணிதான் அங்கே தொழிலாளர் பாதுகாப்புக் குழுவின் பிரதிநிதி. அவர் ஒத்துக்கொண்டால் மற்றவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

"மண்டைக்குள்ள இருக்கத எல்லாம் இது படிச்சிருமோ, மேடம்?"

"படிக்காது அண்ணாச்சி. நீங்க குடுக்கிற ஒண்ணு வந்தா தெரிஞ்சுக்கிடும். அவ்வளவுதான். நாய் வீட்டுக்காரனக் கண்டா வாலாட்டும் பாருங்க, அது மாதிரி."

"என்னத்த குடுக்கணும்?"

"சாகிற வரைக்கும் மறக்காத ஏதாவது ஒண்ணு. போட்டோவா இருக்கலாம், சத்தமா இருக்கலாம். நாங்க அதோட கம்பெனி கோப்புல இருந்து இருநூறு படத்தக் கலந்து காட்டுவோம். எது உங்கள ரொம்ப அசைக்குதோ அத மிஷினே எடுத்துக்கிடும்."

 சுடலைமணி சட்டைப் பைக்குள்ளிருந்து போனை எடுத்தார்.

"எனக்கு ஒரு பொம்பளப் பிள்ள பொறந்துச்சு, மேடம். பதினோரு நாளுதான் இருந்தா. பொறந்தவுடனே அழுதத நர்ஸம்மா போன்ல புடிச்சு வச்சிருந்தாவ. போட்டோ கூட கெடையாது, இது மட்டுந்தான். அதுக்குப் பொறவு எங்களுக்குப் பிள்ள இல்ல." போனை இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார். "நான் அடிக்கடி கேக்க மாட்டேன். வருசத்துக்கு ஒருக்கா, அவ பொறந்த நாளுக்கு. இது ஆகுமா?"

"இதவிட நல்லது கிடையாது அண்ணாச்சி," என்றாள் ஜெசிந்தா. மனதாரத்தான் சொன்னாள்.

பெரிய அதிகாரிகளின் பதிவைத் தலைமை அலுவலகத்தில் அவளே முன்னின்று செய்தாள். அவசரக் கதவின் அதிகாரம் இருந்த பழைய மூவரும் இன்னும் குழுமத்தில்தான் இருந்தார்கள். அவர்களுக்குக் காட்டிய இருநூறு படங்களுக்கு நடுவே அந்தத் திரையை அவள் அப்படியே திரும்பச் செய்த படமும் இருந்தது: ஓரத்தில் கஸ்பாரின் பெயர், நடுவில் அந்த இரண்டு வார்த்தைகள். அவள் சந்தேகப்பட்டது ஆலைத் தலைவர் தளவாயை. கஸ்பாருக்கு எதிராகச் சாட்சி எழுதிக் கொடுத்த ஆள். எப்போது பார்த்தாலும் எரிந்து விழுகிற ஆள். தளவாய்க்கு அந்தப் படம் வந்தபோது அதிர்வைக் காட்டும் கோடு நேராகப் போயிற்று. அவர் அதிர்ந்தது இறந்துபோன மனைவியின் படத்துக்கு மட்டும். கணினிப் பிரிவின் பழைய தலைவருக்கும் ஒன்றுமில்லை.

மூன்றாவதாக நறும்பூநாதன் வந்தார். பேரனின் படத்தைக் கொடுத்திருந்தார். பட்டையைக் கட்டும்போது, "இறுக்கிக் கட்டாதீங்க ஜெசிம்மா, தலவலிக்காரன்," என்று சிரித்தார். நூற்று நாற்பத்தாறாவது படம் வந்தது. அரை நொடிகூட இல்லை. திரையில் கோடு எம்பி, சட்டத்தின் மேல் விளிம்பில் இடித்துவிட்டு இறங்கியது.

பக்கத்தில் இருந்த பர்வீன், "மாஷா அல்லாஹ்! இவ்வளவு பெரிய அதிர்வ நான் பாத்ததே இல்லக்கா. என்ன படம் அது?" என்றாள்.

"ஏதோ பழைய கோப்பு," என்றாள் ஜெசிந்தா.  கடைசி பெஞ்சில் கைகட்டி உட்கார்ந்திருந்த ஆள். பூசை முடிந்து தன் காரில் அவளை வீட்டில் கொண்டுபோய் விட்ட ஆள்.

மூளை அதிர்வு நீதிமன்றத்தில் சாட்சி ஆகாது. அது அவளுக்குத் தெரியும். அவள் நீதிமன்றத்துக்காக இதைச் செய்யவும் இல்லை. எது அதிகம் அசைக்கிறதோ அதுவே சாவி என்பது விதி. பேரனைத் தள்ளிவிட்டு அந்தத் திரையையே நறும்பூநாதனின் சாவியாக மிஷின் எடுத்துக்கொண்டது. மின்னஞ்சலைத் திறக்க அது. கோப்பில் கையெழுத்துப் போட அது. அறைக் கதவுக்கு, காருக்கு, கம்பெனி கொடுத்திருந்த பங்களாவின் கேட்டுக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து தடவை அவர் கஸ்பாரின் பெயரைப் பார்த்தாக வேண்டும். பார்த்து அதிர்ந்தாகவும் வேண்டும்.

இரண்டாவது வாரம் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். முகம் வெளுத்திருந்தது.

"ஜெசிம்மா, எனக்கு வர்ற படம் ஒண்ணு... அத மாத்திக்கிட முடியுமா?"

"தாராளமா சார். நான்காம் படிவம்னு ஒண்ணு இருக்கு. அது என்ன படம், முதல்ல எங்க பாத்தீங்க, ஏன் அது உங்க நினைவுன்னு ரெண்டு பேர் முன்னால சொல்லணும். ஒண்ணு நானு, இன்னொண்ணு பாதுகாப்புக் குழு ஆளு. குரலப் பதிவு பண்ணிக்கிடுவோம்."

"அவ்வளவு எதுக்கு?"

"வேற யாராவது வந்து உங்க பேர்ல சாவிய மாத்திரக் கூடாதுல்லா சார். ஒருத்தர் கடவுச்சொல்ல இன்னொருத்தர் எடுத்தா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? நீங்க கையெழுத்துப் போட்ட விதிதான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது. 

"இருக்கட்டும், பரவாயில்ல," என்றார்.

அதன் பிறகு வந்த மாதங்களைப் போல ஜெசிந்தாவுக்கு வாழ்க்கையில் வேறு நல்ல காலம் அமைந்ததில்லை. நறும்பூநாதன் தன் அறைக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு நாற்காலியைக் குறுக்கே போட்டார். பாதுகாப்புப் பிரிவிலிருந்து, அதாவது அவளிடமிருந்து, கதவைத் திறந்து வைக்கக் கூடாது என்று கடிதம் போனது. டிரைவரைக் காரைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். கார் அவர் பேரில் இருந்ததால் டிரைவருக்குத் திறக்கவில்லை. சட்டை தொளதொளத்தது. கூட்டங்களில் பாதிப் பேச்சில் நிறுத்திவிட்டு யாரையோ தேடுவது போல வாசலைப் பார்த்தார். கேன்டீனில் அவருடைய அறைக் கதவு தெரிகிற மேஜையில் உட்கார்ந்துதான் அவள் தினமும் மதியம் சாப்பிட்டாள். பட்டையை நெற்றிக்குத் தூக்கும்போது அவர் கை நடுங்குவது அங்கிருந்து தெரியும். அண்ணன் போனதிலிருந்து வாயில் எது வைத்தாலும் மண்ணாக இருந்தவளுக்கு இப்போது நன்றாகப் பசித்தது. மீன் குழம்புக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கினாள்.

ஐந்தாவது மாதத்தில் சுடலைமணி அவளைத் தேடி அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"மேடம், அந்தச் சத்தம் ஒரு மாதிரி ஆகிட்டு."

"கிரேன் திறக்கலையா?"

"தெறக்கு. ரெண்டு மூணு வாட்டி கேட்டுட்டுத் தெறக்கு. நான் சொல்லுதது அது இல்ல." வார்த்தைகளைத் தேடினார். "மொதல்ல கேக்கும்போது நெஞ்சு அடச்சுப் போவும். இப்போ ஒரு நாளைக்கு முப்பது தடவ கேக்கேனா... லாரி ஹாரன் மாதிரி இருக்கு. என் பிள்ள சத்தம், மேடம். லாரி ஹாரன் மாதிரி இருக்கு. கொஞ்சம் வேற எதாவது வச்சுக் குடுங்க. இத நிப்பாட்டிருவோம்."

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு அவள் பர்வீனைக் கூப்பிட்டாள். பர்வீன் ஏற்கெனவே ஒரு அறிக்கையோடு இருந்தாள்.

"அக்கா, இவரு ஒருத்தர் மட்டும் இல்ல. பெரும்பாலான ஆளுங்களுக்குக் கோடு இறங்கிட்டே வருது. மனசு பழகிக்குது. தெனமும் கைபட்டா காசுல இருக்கிற தலைகூட அழிஞ்சு போகுதுல்ல, அந்த மாதிரி. இன்னும் நாலஞ்சு மாசத்துல பாதிப் பேருக்குத் திறக்காது."

"திறக்காட்டி வேற சாவி குடுத்துக்கலாம்."

"சாவி போகட்டும்க்கா. அந்த நினைவு திரும்ப வராது. கல்யாணம், அம்மா முகம், எதெதையோ குடுத்திருக்காங்க. சீக்கிரம் நிறுத்தினா பாதியாவது மிஞ்சும். எல்லாருடைய சாவியையும் ஒரே நாள்ல ரத்து பண்ணிட்டு வேற வழிக்குப் போயிடலாம். ஒரு வாரத்து வேலதான்."

எல்லாருடைய சாவியையும். அப்படியானால் நறும்பூநாதனுடையதையும்.

"சுடலைமணி அண்ணாச்சிக்கு மட்டும் மாத்திக் குடுத்தா?"

"காரணம் எழுதணும். எழுதினா குழு விசாரிக்கும், மொத்தமா நிறுத்தச் சொல்லும். அதுவும் நல்லதுதானே?"

ஜெசிந்தா சன்னல் வழியே பார்த்தாள். எதிர்க் கட்டடத்தில் நறும்பூநாதன் தன் அறை வாசலில் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கட்டலாமா வேண்டாமா என்று நின்றிருந்தார். கஸ்பார் பதினோரு மாதம் உள்ளே இருந்தான். இந்த ஆளுக்கு இன்னும் ஐந்தே மாதம்தான் ஆகியிருந்தது.

"அறிக்கைய என்கிட்ட குடு. பொறு," என்றாள். அன்றைக்கே நிர்வாகத்துக்கு ஒரு குறிப்பு எழுதினாள்: அதிர்வுக் குறைவு தற்காலிகமானது, பெட்டகத்தை நிறுத்தத் தேவையில்லை, தொடரலாம்.

வெளியே வந்து சுடலைமணியிடம், "மிஷின்ல சின்னக் கோளாறு அண்ணாச்சி. சரி பண்ணிட்டு இருக்கோம். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துக்கிடுங்க," என்றாள். அவர் அவளை நம்பினார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

கொஞ்ச நாள் நான்கு மாதமாயிற்று. நடுவில் பர்வீன் மூன்று தடவை வந்து கேட்டாள். மூன்றாம் தடவை அழுதாள். இன்னொரு வேலை தேடிக்கொண்டு மதுரைக்கே திரும்பிவிட்டாள். சுடலைமணி மறுபடி வரவில்லை.

ஒன்பதாம் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு, ஜெசிந்தாவின் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. நறும்பூநாதன், ஆறு முறை முயற்சி, அதிர்வு இல்லை, பூட்டப்பட்டது.

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். கொஞ்ச நாளாகவே அவர் தேறிவந்ததை அவள் கவனித்துத்தான் இருந்தாள். கன்னம் நிறைந்திருந்தது, கூட்டங்களில் பேச்சு நிற்கவில்லை. ஏதோ மாத்திரை சாப்பிடுகிறார் என்று நினைத்துச் சமாதானப்பட்டிருந்தாள்.

கால்மணி நேரத்தில் அவரே வந்தார். அவசரம் எதுவும் தெரியவில்லை. இயக்குநர்கள் கூட்டத்துக்குக் கோப்பு எதுவும் திறக்கவில்லை என்றார். நான்காம் படிவம் வேண்டும் என்றார்.

விதிப்படி பாதுகாப்புக் குழுவிலிருந்து ஆள் வர வேண்டும். அந்த வாரத்து முறை சுடலைமணியுடையது. துறைமுகத்திலிருந்து கையுறையைக் கழற்றியபடி வந்து அவர் மேஜையின் மறுபக்கம் உட்கார்ந்தார். ஜெசிந்தா பதிவுக் கருவியை முடுக்கினாள். குரல் தடுமாறாமல் கேட்டாள்.

"உங்க சாவி என்ன படம்?"

"பழைய பெட்டகத்தோட திரை. அவசரக் கதவு. கஸ்பாருங்கிற பேரு. கப்பல் காத்திருக்கிறதுன்னு ஒரு வரி."

"அத முதல்ல எங்க பாத்தீங்க?"

"என் ரூம்ல. அந்த வரிய எழுதினது நான்தான்."

சுடலைமணி தலையைத் தூக்கினார். நறும்பூநாதன் யாரோ ஒருவருடைய கோப்பைப் படித்துக் காட்டுவது போலச் சொல்லிக்கொண்டு போனார். அன்றைக்குக் கப்பல் மதியம் கிளம்ப வேண்டும். லைனை நிறுத்தினால் மறுபடி ஓட்ட இரண்டு நாள் ஆகும். கஸ்பார் போனில் நிறுத்தியே ஆக வேண்டும் என்று கத்தினான். போனைக் கீழே வைத்துவிட்டு அவனுடைய சொல்லை எடுத்து மணியை அணைத்தார். சும்மா அடிக்கிற மணி என்று நினைத்தார். பிறகு பதிவையும் அவரே அழிக்கச் சொன்னார்.

"இதெல்லாம் பதிவாகுதுன்னு உங்களுக்குத் தெரியும்," என்றாள் ஜெசிந்தா.

"தெரியும். வேற எதாவது சொல்லிரலாம்னுதான் மாடிப்படி ஏறி வந்தேன். ஏறும்போதே, எதுக்குப் பொய் சொல்லணும்னு பாத்தேன், ஒண்ணும் தோணல. ஆறு வருசமா இத நெனச்சா தொண்டை அடைக்கும். தூக்கம் கெடையாது. உங்கண்ணன் பூசைக்கு வந்ததே, வராட்டி செத்துருவேன் போல இருந்ததாலதான். இந்தப் பெட்டகம் வந்த மொதல் நாலு மாசம் நரகம். அப்புறம் தேய்ஞ்சுது. இப்போ நல்லாத் தூங்குதேன், ஜெசிம்மா."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். "கஸ்பாருன்னு நான் சொல்லும்போது உங்களுக்கு உள்ள ஒண்ணுமே செய்யலையா?"

"செய்யல," என்றார் அவர் உண்மையாகவே வருந்துகிறவர் மாதிரி. "அதனாலதான கதவு தெறக்கல."

அந்த ஆளை அடிக்க வேண்டும் போல இருந்தது. முகத்தைப் பிடித்து உலுக்கி, அந்தப் பழைய நடுக்கத்தை எங்கே வைத்தாய் என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அண்ணனின் பெயர் துடைக்கப்பட்டுவிட்டது. அதற்கு இந்தக் குரல்பதிவு போதும். ஆனால் எதிரே உட்கார்ந்திருந்தது அவள் தேடிய குற்றவாளி இல்லை. அவனைக் கரைத்துவிட்டு வேறு யாரையோ உட்கார வைத்திருந்தாள். மருந்து கொடுத்தவளும் அவளே.

நறும்பூநாதன் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடியபடி, பேச்சுவாக்கில் சொன்னார்:

"பழகிப் போகும்னு அந்தப் பொண்ணு பர்வீன் நாலு மாசத்துக்கு முன்னால எழுதின அறிக்க எனக்கும் வந்துச்சு. நிறுத்த வேண்டாம்னு நீங்க குறிப்பு எழுதியிருந்தீங்க. நீங்க எதுக்கு எழுதினீங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. எனக்கும் அது தேவையா இருந்துச்சு. இன்னும் கொஞ்ச நாள் பாத்தா நமக்கும் தேய்ஞ்சிரும்லா? அதான் ஒண்ணும் சொல்லாம ஒப்புதல் போட்டேன்."

அவர் எழுந்து போனார். குரல்பதிவின் ஒரு நகல் போலீசுக்கும் ஒன்று நீதிமன்றத்துக்கும் போக வேண்டும். ஜெசிந்தா இரண்டு உறைகளை எடுத்து மேல்விலாசம் எழுதினாள். சுடலைமணி இன்னும் உட்கார்ந்திருந்தார்.

"செத்த மூணு பேர்ல ரெண்டு பேரு என்கூட வேல பாத்தவனுவ," என்றார் கடைசியில். "உங்கண்ணன இத்தன வருசமா வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கேன். அதுக்கு நான் அவரு கல்லறைக்கு வந்து மன்னிப்புக் கேக்கணும். கேப்பேன்."

"அண்ணாச்சி..."

"நாலு மாசத்துக்கு முன்னால நான் இந்த ரூம்ல வந்து நின்னேன். அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல அவளுக்கும் வழி இருந்தது. "தெரியும்," என்றாள்.

"அன்னைக்கு நிப்பாட்டியிருந்தா மிஞ்சியிருக்குமா?"

"பாதி மிஞ்சியிருக்கும்."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். கோபப்படுவார், கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் குரல் உயரவே இல்லை.

"போன மாசம் அவ பொறந்த நாளு. வீட்டுக்காரி அந்தச் சத்தத்த வச்சா. அவ அழுதா. நான் பக்கத்துல உக்காந்து எப்போ முடியும்னு பாத்துக்கிட்டு இருந்தேன். அவ என்னயப் பாத்த பார்வைய..."  பிறகு மேஜையிலிருந்து வெள்ளைத்தாள் ஒன்றை உருவினார். "பாதுகாப்புக் குழு ஆளு புகார் எழுதலாம்லா? யாரு மேலனாலும்?"

"எழுதலாம்."

"யாரு வாங்குவா அத?"

"நான்தான் வாங்கணும். வாங்கி மேல அனுப்பணும். அனுப்பாம இருக்க எனக்கு அதிகாரம் இல்ல."

"அப்போ சரி."

அவர் நறும்பூநாதன் வைத்துவிட்டுப் போன பேனாவை எடுக்கவில்லை. தன் சட்டைப் பையிலிருந்த பேனாவைத் திறந்து, தாளை நேராக வைத்துக்கொண்டார். முதன்முறையாக அவள் கண்ணுக்குள் பார்த்தார். ஆறு வருடம் தினமும் காலையில் கண்ணாடியில் ஜெசிந்தா பார்த்துவந்த பார்வை அது.

"சொல்லுங்க," என்றார் சுடலைமணி. "உங்க முழுப் பேரு என்ன?"

அவள் எதிரே உட்கார்ந்து, ஒவ்வோர் எழுத்தாக, அவர் எழுதுகிற வேகத்துக்குச் சொன்னாள்.